ரெண்டாவது திரை மாட்டினதும் எழுத்து ஏன் மங்குது?

உடப்புசல்லாவையில இருந்து பேசுறேன்.

ஒரே டெஸ்க்டொப் கம்பியூட்டர்ல ரெண்டு திரை மாட்டுறது இப்ப நம்ம பக்கத்துல சாதாரணமாகிடுச்சு. கொமினிகேஷன் கடையில ஒரு மொனிட்டர் கடைக்காரர் பக்கம், இன்னொன்னு வாடிக்கையாளர் பக்கம். டியூஷன் கிளாஸ்ல மாஸ்டருக்கு ஒரு மொனிட்டர், பிள்ளைகளுக்குச் சுவர்ல ஒரு டி.வி. தோட்டத்து ஆபீஸ்ல ஆட்கள் வரவு பதியிற செக்ரோல் ஒரு திரையில, சம்பளக் கணக்கு மற்றதுல. மாட்டினவங்க எல்லாரும் சொல்ற முறைப்பாடு அநேகமா மூணுதான். எழுத்து மங்கிப் போச்சு. படம் அகலமா இழுபடுது. சரியான ரெசொலூஷன் லிஸ்ட்லயே இல்லை.

இந்த மூணையும் இன்னைக்குப் பார்ப்போம். தொடங்குறதுக்கு முன்னால, இதை நான் ஏன் பெரிய விஷயமா எடுக்கிறேன்னு சொல்லணும்.

கடையில வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வச்சிருக்கிற திரை, அவங்க தங்களோட பேரைத் தாங்களே பார்த்துச் சரின்னு சொல்றதுக்குத்தான். நம்ம சனங்களுக்குப் பேரால வந்த கரைச்சல் கொஞ்சநஞ்சமில்லை. லெட்சுமின்னு ஒரு பேரை எடுத்துக்கங்க. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துல ஒரு ஸ்பெலிங், அடையாள அட்டையில வேற ஒன்னு, தோட்டத்துப் பதிவுல மூணாவதா ஒன்னு. பொம்பளைங்க 50 வயசுல ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதுதான் அந்தப் பிழை வெளியில வரும். அதுக்கப்புறம் சத்தியக்கடதாசி, சமாதான நீதவான், திரும்பத் திரும்ப பஸ் செலவு. 2016ல இருந்து கொடுக்கிற அடையாள அட்டை இலக்கத்துல 12 எண் இருக்கு. மங்கின திரையில 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது. இங்கிலீஷ்ல ஆர், என் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா எம் மாதிரி ஒட்டிக்கும். அதனாலதான் சொல்றேன், இந்தத் திரை தெளிவா இருந்தே ஆகணும்.

சரி, எழுத்து ஏன் மங்குது?

இப்ப நாம பாவிக்கிற தட்டைத் திரை எதை எடுத்தாலும், அதுல எத்தனை புள்ளி இருக்குங்கிறது செய்யும்போதே முடிவாகிடுது. 1920×1080ன்னு சொன்னா குறுக்கே 1920 புள்ளி, மேலிருந்து கீழே 1080 புள்ளி. பெருக்கிப் பார்த்தா 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. அந்தத் திரைக்கு நீங்க 1024×768 அனுப்பினா, 7 இலட்சத்து 86 ஆயிரத்து 432 புள்ளிக்கான தகவல்தான் போய்ச் சேருது. மிச்சத்தைத் திரையே கணிச்சு நிரப்பிக்கும். ஒரு எழுத்தோட ஓரம் ரெண்டு புள்ளிக்கு நடுவுல வந்து விழுந்தா, அந்த இடத்தைச் சாம்பல் நிறத்துல பூசி விட்டுடும். நீங்க மங்கல்னு சொல்றது அதைத்தான். கண்ணாடி மாத்தினாலும் வெளிச்சத்தைக் கூட்டினாலும் அது போகாது. திரைக்குச் சொந்தமான எண்ணிக்கை எதுவோ, அதையே அனுப்பினாத்தான் தீரும்.

உங்க திரையோட எண்ணிக்கை எதுன்னு தெரியலைன்னா, பின்பக்க ஸ்டிக்கர்ல மொடல் நம்பர் இருக்கும், அதை ஃபோன்ல தேடிப் பாருங்க. பொதுவா, சதுரமா இருக்கிற பழைய 17 இஞ்சி மொனிட்டர் 1280×1024. அகலமான 19 இஞ்சியில 1440×900ம் இருக்கு, 1366×768ம் இருக்கு. 20 இஞ்சியில 1600×900 நிறைய. 22, 24ன்னு போனா பெரும்பாலும் 1920×1080.

இப்ப கீபோர்டுக்கு வாங்க. விண்டோஸ் பட்டனை அமத்திக்கிட்டு 'பி' (P) எழுத்தைத் தட்டுங்க. ஓரத்துல நாலு தெரிவு வரும். அதுல டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட் இந்த ரெண்டும்தான் நமக்கு வேணும்.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், மங்கலா இருக்குன்னு சொல்ற ஆட்கள்ல அரைவாசிப் பேருக்கு மேல டூப்ளிகேட்லதான் வச்சிருப்பாங்க. டூப்ளிகேட்னா ஒரே படம் ரெண்டு திரையிலயும். அதுக்கு ரெண்டு திரைக்கும் பொதுவான ஒரு அளவு வேணும். ஒன்னு 1280×1024 சதுரம், மற்றது 1366×768 அகலம்னா, ரெண்டும் ஒத்துக்கிற அளவைத் தேடித் தேடி விண்டோஸ் கடைசியில 1024×768ல போய் நிக்கும். அது ரெண்டுல எதுக்குமே சொந்த அளவு இல்லை. சதுரத் திரையில எழுத்து மங்கும், அகலத் திரையில ஆளோட முகம் உப்பிப் போகும். ரெண்டு திரையும் நல்ல திரை, வயரும் நல்ல வயர். எதையும் மாத்த வேண்டியதில்லை. எக்ஸ்டெண்டைத் தட்டுங்க.

எக்ஸ்டெண்ட்ல ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ரெசொலூஷன். ஆனா இங்க ஒரு இடத்துல எல்லாரும் தடுமாறுவாங்க. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளேக்குள்ள போனா 1, 2ன்னு ரெண்டு பெட்டி தெரியும். ஐடென்டிஃபை அமத்தினா எது எந்தத் திரைன்னு அந்தந்தத் திரையிலயே இலக்கம் வரும். எந்தப் பெட்டியைக் கிளிக் பண்ணிட்டுக் கீழ போறீங்களோ, அந்தத் திரையோட ரெசொலூஷன்தான் மாறும். இதைக் கவனிக்காம ஒன்னாவது திரையையே திரும்பத் திரும்ப மாத்திட்டு, ரெண்டாவது மாறவே மாட்டேங்குதுன்னு சொல்றவங்க இருக்காங்க. பெட்டியைத் தெரிவு செய்ங்க, ரெசொலூஷன்ல ரெக்கமெண்டட்னு போட்டிருக்கிறதைப் போடுங்க. அப்புறம் மற்றப் பெட்டிக்கும் அதே மாதிரி.

அந்தப் பெட்டிகளை மவுசால இழுத்து, மேசையில எப்படி வச்சிருக்கீங்களோ அப்படியே வச்சுக்கங்க. இல்லைன்னா மவுஸ் வலப்பக்கம் போகாம இடப்பக்கத்தால வெளிய போகும். ஏதாவது விண்டோ மற்றத் திரையில போய் மாட்டிக்கிச்சுன்னா, அதைக் கிளிக் பண்ணிட்டு விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூணையும் சேர்த்து அமத்துங்க. இந்தத் திரைக்கு வந்துடும்.

கடைக்காரங்களுக்கு நான் எக்ஸ்டெண்டைத்தான் சொல்வேன், அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டூப்ளிகேட்ல உங்க திரையில இருக்கிற எல்லாமே வாடிக்கையாளருக்குத் தெரியும். முந்தி வந்து போனவங்களோட அடையாள அட்டை ஸ்கேன், பேங்க் விபரம் எல்லாம் அதுல கிடக்கும். எக்ஸ்டெண்ட்ல நீங்க இழுத்து விடுற கடதாசி மட்டும்தான் அந்தப் பக்கம் போகும். அவங்க பக்கத்துத் திரைக்கு மட்டும் ஸ்கேல்ங்கிற இடத்துல 125 அல்லது 150 போடுங்க. எழுத்து பெரிசாகும், தெளிவு குறையாது. எழுத்து சின்னதா இருக்குன்னு ரெசொலூஷனைக் குறைக்கிறது பிழை. பெரிசாக்கிறதுக்குத்தான் ஸ்கேல் இருக்கு.

எக்ஸ்டெண்டும் போட்டாச்சு, ஆனா 1920×1080 லிஸ்ட்ல இல்லவே இல்லை, 1024×768க்கு மேல போகுதில்லை. இப்ப என்ன செய்றது?

இதுதான் கொஞ்சம் ஆழமான இடம். பொறுமையாக் கேளுங்க.

கம்பியூட்டருக்குத் திரையைப் பார்க்கிற கண் கிடையாது. திரை தன்னைப் பத்திச் சொன்னாத்தான் அதுக்குத் தெரியும். ஒவ்வொரு மொனிட்டருக்குள்ளயும் ஒரு சின்னச் சிப் இருக்கு. அதுதான் அந்த மொனிட்டரோட அடையாள அட்டை. செய்த கம்பெனி, மொடல், ஏத்துக்கிற அளவுகள், சொந்த அளவு எது, எல்லாம் அதுல எழுதியிருக்கும். இதுக்கு இ.டி.ஐ.டி.ன்னு பேர். 1994ல இதுக்கு ஒரு பொது முறை வந்துச்சு. அடிப்படைத் தகவல் மொத்தமே 128 பைட்தான். மொனிட்டரைக் கொழுவினதும் கம்பியூட்டர் முதல் வேலையா அதை வாங்கி வாசிக்கும். வாசிக்க முடியலைன்னா, ஆள் யாருன்னு தெரியாததால ஆபத்தில்லாத சின்ன அளவுகளை மட்டும் லிஸ்ட்ல போடும்.

அந்த அட்டை வயர் வழியாத்தான் போகணும். நீலத் தலை உள்ள வி.ஜி.ஏ வயரைப் பாருங்க. ஐ.பி.எம். கம்பெனி 1987ல கொண்டு வந்தது, இன்னைக்கும் நம்ம மேசையில இருக்கு. அதுல 15 ஊசிக்கு இடம் இருக்கு. 1, 2, 3 சிவப்பு, பச்சை, நீலம். 13ம் 14ம் படத்தை வரிசைப்படுத்துறது. பின்னாடி வந்த இந்த அடையாள அட்டை வேலைக்கு 12ஐயும் 15ஐயும் ஒதுக்கினாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க. 12ஆம் ஊசி வளைஞ்சு கிடந்தா, இல்லை வயருக்குள்ள அந்தக் கம்பி அறுந்திருந்தா என்ன நடக்கும்? படம் நல்லா வரும், நிறம் சரியா இருக்கும், ஆனா லிஸ்ட் மட்டும் பிழையா இருக்கும். படம் வருதே, வயர்ல என்ன பிழை இருக்கப் போகுதுன்னு நினைச்சு, சனம் காசு கொடுத்துப் புது மொனிட்டர் வாங்குது. அதே வயரைப் புது மொனிட்டருக்கும் போட்டுட்டு, அதுலயும் அதே கதைன்னு தலையில கை வைக்குது.

இதை எப்படி உறுதிப்படுத்துறது? ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜருக்குப் போங்க. மொனிட்டர்ஸ்ங்கிறதை விரிச்சுப் பாருங்க. ஜெனரிக் நொன் பி.என்.பி. மொனிட்டர்னு எழுதியிருந்தா, அடையாள அட்டை வந்து சேரலைன்னு அர்த்தம். அடுத்தது, ரெண்டு மொனிட்டரோட வயரையும் ஒன்னுக்கொன்னு மாத்திப் போடுங்க. கோளாறு வயரோட சேர்ந்து மற்ற மொனிட்டருக்குப் போனா வயர்தான் குற்றவாளி. அதே மொனிட்டர்லயே நின்னா மொனிட்டரோட சொக்கெட்டைப் பாருங்க. வயரையும் மொனிட்டரையும் மாத்தின பிறகும் கம்பியூட்டரோட அதே ஓட்டையில மட்டும் கோளாறு நிக்குதுன்னா, போர்ட்தான். பத்து நிமிஷ வேலை, ஒரு சதமும் செலவில்லை. கழட்டி மாட்டுறதுக்கு முன்னால ரெண்டையும் ஓஃப் பண்ணிடுங்க.

ஊசிகளை எண்ணும்போது ஒன்னு குறையுதேன்னு பயப்படாதீங்க. நடு வரிசையில 9ஆம் ஊசி இல்லாமலே நிறைய வயர் வருது, அது பிழை இல்லை. நீங்க தேட வேண்டியது வளைஞ்ச ஊசியையும் பச்சை பிடிச்ச ஊசியையும். கார்த்திகை, மார்கழி, தை மாசங்கள்ல வடகீழ் பருவக்காத்து நம்ம பக்கத்தை எப்படி நனைக்கும்னு உங்களுக்குத் தெரியும். சன்னல் ஓரத்துல, ஈரச் சுவரோட ஒட்டி வச்ச கம்பியூட்டர்ல ஊசிகள் சீக்கிரம் கறுக்கும். ரெண்டு பக்கத்து ஸ்குரூவையும் இறுக்கி வைங்க. நிறையப் பேர் அதை இறுக்குறதே இல்லை, தலை சரிஞ்சு தொங்கிட்டிருக்கும்.

இனி, மாத்துக் கட்டைகள். எடப்டர், கன்வெர்ட்டர்னு சொல்றோமே, அது.

நம்ம பக்கம் வர்ற கம்பியூட்டர்ல பெரும்பகுதி வெளிநாட்டு ஆபீஸ்கள்ல பாவிச்சுட்டுக் கழிச்சது. டெல் ஒப்டிபிளெக்ஸ் மாதிரியான பெட்டிகள். உறுதியான சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனா பழைய மொடல்கள்ல பின்னால எச்.டி.எம்.ஐ. இருக்காது. ஒரு வி.ஜி.ஏ., அதோட ஒன்னோ ரெண்டோ டிஸ்ப்ளேபோர்ட். டிஸ்ப்ளேபோர்ட் பார்க்க எச்.டி.எம்.ஐ. மாதிரியே இருக்கும், ஒரு மூலை மட்டும் வெட்டின மாதிரி. அதுல இருந்து எச்.டி.எம்.ஐ. மொனிட்டருக்குப் போறதுக்கு மலிவான வயர் இருக்கு, ஒழுங்கா வேலை செய்யும். ஆனா அது ஒரு திசைக்கு மட்டும்தான். கம்பியூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், திரைப் பக்கம் எச்.டி.எம்.ஐ. திருப்பிப் போட்டா ஒன்னும் வராது, வயர் பழுதுன்னு நினைச்சிடாதீங்க.

எச்.டி.எம்.ஐ.யில இருந்து வி.ஜி.ஏ.க்கு மாத்துறது வேற கதை. ஒன்னு டிஜிட்டல், மற்றது அனலொக். உள்ள ஒரு சிப் இருந்து மாத்திக் கொடுக்கணும். அந்தச் சிப் இல்லாத வெறும் வயரும் கடையில விக்குது, அது நமக்கு உதவாது. சிப் உள்ளதுலயும் மலிவானது சிலது மொனிட்டரோட அட்டையைக் கொடுக்காம தன்னோட சொந்த விபரத்தைக் கம்பியூட்டருக்குச் சொல்லிடும். அப்போ லிஸ்ட்ல 1280×1024 காணாமப் போய், உங்க மொனிட்டர்ல இல்லாத அளவு வந்து நிக்கும்.

டியூஷன் கிளாஸ்கள்ல ஸ்ப்ளிட்டர் போட்டிருப்பாங்க. ஒரு எச்.டி.எம்.ஐ.யை ரெண்டாப் பிரிக்கிற சின்னப் பெட்டி. அதால எக்ஸ்டெண்ட் பண்ணவே முடியாது. கம்பியூட்டருக்குத் தெரியிறது ஒரே ஒரு திரைதான். தனித்தனிப் படம் வேணும்னா கம்பியூட்டர்லயே ரெண்டு ஓட்டை வேணும்.

தனியா கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தா ரெண்டு மொனிட்டரையும் அந்தக் கார்டுலயே கொழுவுங்க. ஒன்னைக் கார்டுலயும் மற்றதை மதர்போர்டுலயும் போட்டா, பல கம்பியூட்டர்கள்ல மதர்போர்டு ஓட்டை தானாகவே நின்னுடும்.

டிரைவர் விஷயம் சுருக்கமா. கம்பியூட்டரை போர்மட் பண்ணி வாங்கிட்டு வந்த அன்னைக்கே திரை பிழைச்சுதுன்னா, வயரைத் தொடாதீங்க. டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே எடப்டர்ஸை விரிச்சுப் பாருங்க. மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே எடப்டர்னு இருந்தா, கிராஃபிக்ஸ் டிரைவர் போடலை. அது வெறும் தற்காலிக ஏற்பாடு, ரெண்டாவது திரையைக் கண்டுக்கவே கண்டுக்காது. இன்டர்நெட்டைக் கொடுத்து விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்க, பெரும்பாலும் அதுவே கொண்டு வந்து போடும். வரலைன்னா டெல் மாதிரிக் கம்பெனிகள் பெட்டியில ஒரு சேவிஸ் டேக் ஒட்டியிருப்பாங்க, அதை அவங்க தளத்துல கொடுத்தா சரியான டிரைவர் கிடைக்கும். கண்ட கண்ட தளத்துல இருந்து டிரைவர் இறக்க வேணாம்.

இப்ப டி.வி. இதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும், ஏன்னா டி.வி. மொனிட்டர் மாதிரி நடந்துக்காது.

முதல்ல ஓரம் வெட்டுப்படுறது. கீழ இருக்கிற டாஸ்க்பார் பாதி தெரியாது, மாஸ்டர் எழுதின கணக்குல முதல் வரி காணாமப் போகும். பழைய ஒளிபரப்புக் காலத்துப் பழக்கம் அது. படத்தைக் கொஞ்சம் பெருப்பிச்சு ஓரத்தை மறைக்கிறது. இதைக் கம்பியூட்டர்ல சரி பண்ணப் போகாதீங்க. ரிமோட்டை எடுங்க. படத்தோட அளவு பத்தின மெனுவுல ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், அல்லது ஒன்னுக்கு ஒன்னுன்னு ஏதாவது ஒரு பேர்ல இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும். சில டி.வி.யில எச்.டி.எம்.ஐ. ஓட்டைக்கு பி.சி.ன்னு பேர் வச்சா தானாகவே சரியாகும்.

ரெண்டாவது, மலிவான 32 இஞ்சி டி.வி. அட்டைப் பெட்டியில எச்.டி. ரெடின்னு போட்டிருந்தா, உள்ள இருக்கிற தகடு அநேகமா 1366×768தான். ஆனா அது எச்.டி.எம்.ஐ. வழியா 1920×1080ஐயும் வாங்கிக்கிறேன்னு கம்பியூட்டர்கிட்ட சொல்லும். வாங்கிச் சுருக்கித்தான் காட்டும். சினிமாப் படத்துல தெரியாது, எழுத்துல தெரியும். லிஸ்ட்ல 1366×768 இல்லாம 1360×768 இருந்தா அதைப் போடுங்க. 1366 எட்டால பிரிபடாது, 1360 பிரிபடும். பழைய கிராஃபிக்ஸ்களுக்கு அகலம் எட்டால பிரிபட்டாத்தான் வசதி, அதுக்காக ஆறு புள்ளியை விட்டுக் கொடுத்தது அது. ரெண்டும் இல்லைன்னா 1280×720 போட்டுட்டு, ஸ்லைட்ல எழுத்தைப் பெரிசா வைங்க. பின் வாங்குல இருக்கிற பிள்ளைக்கு எப்படியும் பெரிய எழுத்துதான் வேணும்.

ஏதோ ஒரு அளவைப் போட்டதும் திரை கறுத்து, அவுட் ஒஃப் ரேஞ்ச் அல்லது இன்புட் நொட் சப்போர்ட்டட்னு வந்தா, எதையும் தொடாதீங்க. 15 செக்கன்ல விண்டோஸ் பழைய அளவுக்கே திரும்பிடும். திரும்பலைன்னா அந்தத் திரையோட வயரைக் கழட்டிட்டு, மற்றத் திரையில வச்சு மாத்துங்க. எல்லாம் சரியா இருந்தும் திரை மட்டும் உறைஞ்சு நின்னா விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' நாலையும் சேர்த்து அமத்துங்க. ஆங்கிலத்துல ரெண்டாவதா வர்ற 'பி' அது, முந்தி சொன்ன 'பி' இல்லை. திரை ஒரு தடவை மின்னிட்டு கிராஃபிக்ஸ் திரும்பத் தொடங்கும்.

கரண்ட் போய் வந்த பிறகு ரெசொலூஷன் கலைஞ்சு கிடக்கிறதும் உண்டு. கம்பியூட்டர் எழும்புற நேரத்துல டி.வி. முழுசா ஓஃப்ல இருந்தா, அட்டையைக் காட்ட ஆள் இல்லை. முதல்ல திரைகளைப் போடுங்க, பிறகு கம்பியூட்டரை. சித்திரை மாசத்துப் பின்னேர இடியும், ஐப்பசி இடியும் தெரியும்தானே. அந்த நேரத்துல பிளக்கை மட்டும் கழட்டினா போதாது. டி.வி.யில டிஷ் வயரோ அன்டெனா வயரோ இருந்தா, மின்னல் அந்த வழியா வந்து எச்.டி.எம்.ஐ. வயரோட கம்பியூட்டருக்குள்ளயும் போகும். ஒரு ஓட்டை மட்டும் செத்துப் போய், மற்றது வேலை செய்ற கம்பியூட்டர்கள்ல இப்படி நடந்திருக்கலாம். வானம் இருண்டா எச்.டி.எம்.ஐ. வயரையும் சேர்த்துக் கழட்டி வைங்க.

இதெல்லாம் பார்த்தும் சரிவரலைன்னா, உங்க கம்பியூட்டரால அந்த அளவைக் கொடுக்க முடியாமலும் இருக்கலாம். 2011ல வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர்ல உள்ளயே இருக்கிற கிராஃபிக்ஸ், எச்.டி.எம்.ஐ. வழியா 1920×1200க்கு மேல போகாது. 2560×1440 மொனிட்டரை அதுல மாட்டிட்டு லிஸ்ட்டைத் தேடினா கிடைக்காது. அதே மொனிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்ல கொழுவினா வரும். இங்க வயரையோ மொனிட்டரையோ குறை சொல்லிப் பிரயோசனமில்லை, ஓட்டையை மாத்தணும்.

வாங்கித்தான் ஆகணும்னா, ராகலை, கந்தப்பளை கடந்து நுவரெலியாவுக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னால ரெண்டு போட்டோ எடுத்துக்கங்க. ஒன்னு கம்பியூட்டரோட பின்பக்கம், எல்லா ஓட்டையும் தெரியிற மாதிரி. இன்னொன்னு மொனிட்டரோட பின்பக்க ஸ்டிக்கர். கடையில அதைக் காட்டி வயரைக் கேளுங்க. பாவிச்ச மொனிட்டர் வாங்குறதா இருந்தா உங்க வயரையே கொண்டு போய், அங்கயே மாட்டச் சொல்லி, செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளேயைத் திறக்கச் சொல்லுங்க. டெஸ்க்டொப்புக்கு ஒரு அளவும், உண்மையில திரைக்குப் போற சிக்னலுக்கு ஒரு அளவும் அங்க தனித்தனியா காட்டும். ரெண்டும் ஒரே எண்ணா இருந்து, அது ஸ்டிக்கர்ல இருக்கிற மொடலுக்குரிய எண்ணாவும் இருந்தா, காசைக் கொடுங்க.